எந்த மீனோடு எந்த மீன்? முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டையில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் நிறத்தைப் பார்த்துத்தான் கை காட்டுவார்கள். "அண்ணாச்சி, அந்த ஆரஞ்சுல நாலு, நீலத்துல ஆறு போடுங்க." நான் முதலில் கேட்பது, "வீட்ல ஆத்துத் தண்ணியா, போர் தண்ணியா?"

காரணம் இருக்கிறது. தாமிரபரணித் தண்ணீர் பொதிகை மலையில் பெய்த மழை, உப்பு குறைவு. ராதாபுரம், வள்ளியூர் பக்கத்துப் போர்களில் பல இடங்களில் சோப்பு நுரைக்காது. அப்படிப்பட்ட தண்ணீரில் கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் நன்றாக இருக்கும். ஒரு ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று விடுங்கள். ஆண் அதிகமானால் பெண் மீனை ஓய்வில்லாமல் துரத்தும். டெட்ரா வகைகள் உப்புக் குறைந்த தண்ணீருக்கு உரியவை. அதிலும் நியான் டெட்ராவுக்கு 22 முதல் 26 டிகிரிதான் சுகம். நம் ஊர் சித்திரை வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும். டெட்ராதான் வேண்டுமென்றால் கார்டினல் கொஞ்சம் சூடு தாங்கும். கோல்ட் ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம். அதை இந்தக் கூட்டத்தோடு சேர்க்கவே வேண்டாம்.

தண்ணீர் ஒத்துப்போனாலும் வாயைப் பார்க்க வேண்டும். கடை தொடங்கிய புதிதில் ஒரு பையனுக்கு இரண்டடித் தொட்டி, நாலு ஏஞ்சல், பன்னிரண்டு நியான் கொடுத்தேன். அன்று ஏஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். ஆறு மாதம் கழித்து அப்பாவோடு வந்தான். "மாமா, நியான் தினம் ஒண்ணு குறையுது. செத்துக் கிடக்கவும் இல்ல." போய்ப் பார்த்தேன். ஏஞ்சல்கள் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்திருந்தன. மிச்சமிருந்த மூன்று நியானும் ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்தன. வளர்ந்த ஏஞ்சல் நியானைத் தின்றுவிடும் என்று விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டியவன் நான். அன்றிலிருந்து ஒவ்வொரு மீனும் வளர்ந்தால் எவ்வளவு இருக்கும் என்று சொல்லாமல் கவரில் போடுவதில்லை.

டைகர் பார்ப்புக்கு நீண்ட துடுப்பைக் கண்டால் கடிக்கத் தோன்றும். கப்பி, ஏஞ்சலோடு விடாதீர்கள். ஆறு எட்டாக வாங்கினால் சண்டை தங்களுக்குள்ளேயே முடிந்துவிடும். இரண்டு ஆண் ஃபைட்டர் ஒரே தொட்டியில் ஆகவே ஆகாது. கப்பியின் அகன்ற வாலைப் பார்த்துக்கூட ஃபைட்டர் எதிரி என்று பாயும்.

இரண்டடித் தொட்டி சுமார் 50 லிட்டர்தான் பிடிக்கும். அதில் பத்துப் பன்னிரண்டு சின்ன மீன் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் விடாமல், வாரத்துக்கு மூன்று நான்கு என்று சேர்த்தால் ஃபில்டரில் மீன் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா பெருக நேரம் கிடைக்கும்.

பாசி தின்னட்டும் என்று விரல் நீளத்தில் வாங்கும் சக்கர், ஒரு அடிக்கு மேல் வளரும். பலர் அதை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்க மீன் அது. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. நம் ஆற்றுக்கே உரிய ஒரு கெண்டை இனத்துக்கு அறிவியல் பெயரே தாமிரபரணியை வைத்துத்தான்: டாக்கின்சியா தம்ப்ரபர்னியை. அது முட்டையிடும் தண்ணீரில் சக்கரை விடாதீர்கள். தொட்டி போதவில்லை என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள், எங்கே வாங்கியதாக இருந்தாலும் நான் வைத்துக்கொள்கிறேன்.