சமச்சீர்மை சொன்னால் இயற்கை கேட்குமா?

ஒரு சதுரத்தை 90 பாகை திருப்பினால் அது முன்பு இருந்தபடியே இருக்கும். அந்நேரம் கண்ணை மூடியிருந்தவருக்குத் திருப்பியதே தெரியாது. ஒன்றை மாற்றிய பிறகும் மாறாமல் நிற்பதுதான் சமச்சீர்மை. இயற்பியலாளர்கள் இதை விதிகளிடம் தேடுகிறார்கள். இன்று செய்த சோதனையை நாளை செய்தால் அதே விடை வருமா?

வரும் என்றுதான் நம்புகிறோம். இந்தச் சாதாரண நம்பிக்கைக்குள் என்ன இருக்கிறது என்று கணக்கில் காட்டியவர் கணிதவியலாளர் எமி நோதர். 1915-ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு வந்த அவரை, பெண் என்பதால் பாடம் நடத்த விடவில்லை. அங்கிருந்த கணிதப் பேராசிரியர் டேவிட் ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளைத்தான் அவர் எடுத்தார். 1918-ல் வெளியான அவரது தேற்றத்தை எப்போது படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது: விதிகளில் தொடர்ச்சியான சமச்சீர்மை (சதுரம் போல 90 பாகைக்கு மட்டுமல்ல, வட்டம் போல எவ்வளவு கொஞ்சம் திருப்பினாலும் மாறாத வகை) ஒன்று இருந்தால், அதற்கு ஈடாக என்றும் மாறாத ஓர் அளவும் இருந்தே தீரும்.

ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்க 9.8 ஜூல் ஆற்றல் வேண்டும். இரவில் புவியீர்ப்பு பாதியாகிவிடுவதாக வைத்துக்கொள்வோம். சரி, இரவில் 4.9 ஜூல் செலவழித்துத் தூக்கி, பகலில் இறக்கினால் 9.8 ஜூல் கிடைக்கும். பாதி ஆற்றல் சும்மா வந்துவிட்டது! விதி நேரத்துக்கு நேரம் மாறாததால்தான் இது நடப்பதில்லை. ஆற்றல் அழியாமைக்குக் காரணமே அதுதான். அதேபோல, இடம் மாறினாலும் விதி மாறாததால் உந்தமும் (நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு), திசை மாறினாலும் மாறாததால் கோண உந்தமும் (சுழற்சிக்கான உந்தம்) அழிவதில்லை.

அப்புறம் ஆராய்ச்சியின் போக்கே தலைகீழானது. முதலில் சமச்சீர்மை, அதிலிருந்து துகள். 1962-ல் இயற்பியலாளர் முர்ரே கெல்-மான், ஒரு சமச்சீர்மையின்படி ஒன்பது துகள்களை 4, 3, 2 என்று வரிசையாக அடுக்கிப் பார்த்தார். முக்கோணத்தின் முனை மட்டும் காலி. அங்கே இருக்க வேண்டிய துகளின் மின்னூட்டத்தையும் நிறையையும் முன்கூட்டியே சொன்னார். 1964-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஒமேகா மைனஸ் என்ற அந்தத் துகள் அகப்பட்டது.

ஆனால் அழகாக இருக்கிறது என்பதற்காக எந்தச் சமச்சீர்மையையும் நம்பிவிட முடியாது. ஒரு நிகழ்வின் கண்ணாடி பிம்பமும் இயற்கையில் நடக்கக்கூடியதே என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். சில அணுக்கருக்கள் சிதையக் காரணமான மென்விசைக்கு அதை யாருமே சோதிக்கவில்லை என்று 1956-ல் இயற்பியலாளர்கள் லீயும் யாங்கும் சுட்டிக்காட்டினார்கள். இயற்பியலாளர் சியன்-ஷியுங் வூ சோதித்தார். கோபால்ட்-60 அணுக்கருக்களைக் கடுமையாகக் குளிர்வித்து, காந்தப்புலத்தால் அவற்றின் தற்சுழற்சியை ஒரே திசைக்குக் கொண்டுவந்தார். சிதையும்போது எலக்ட்ரான்கள் தற்சுழற்சித் திசைக்கு எதிர்ப்பக்கமே அதிகம் வெளிவந்தன. தற்சுழற்சி அச்சுக்கு இணையாக ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்தால், பிம்பத்தில் சுழற்சி எதிராகிவிடும்; எலக்ட்ரான்கள் போகும் பக்கமோ மாறாது. அப்படியானால் பிம்பத்தில் அவை தற்சுழற்சித் திசையிலேயே அதிகம் வர வேண்டும். நம் உலகின் கோபால்ட் எதுவும் அப்படிச் சிதைவதில்லை.