சுகோய்-25இன் விமானியறையைக் கணினிக்குள் அமைப்பது எப்படி?

தரைப்படைக்குத் துணையாகத் தாழப் பறந்து தாக்குவதற்கென்றே சோவியத் ஒன்றியம் உருவாக்கிய சுகோய்-25 விமானம், 1975 பிப்ரவரி 22 அன்று முதன்முதலாகப் பறந்தது. கீழிருந்து வரும் குண்டுகளைத் தாங்கும் பொருட்டு, டைட்டானியத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்த தொட்டி ஒன்றுக்குள் விமானி அமர்ந்திருப்பார். நீலப்பச்சை வண்ணம் பூசிய அந்த நெருக்கமான அறையை, கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் பறப்பு சிமுலேட்டருக்குள் கொண்டுவருவது, புகைப்படங்களைப் பார்த்து உருவம் வரையும் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் உருவம் வரைவது எளிய பாதிதான்.

ஃப்ளைட்கியர் என்னும் திறந்தமூல சிமுலேட்டரில், விமானத்தின் வேகம், உயரம், சாய்வு, எரிபொருள் அளவு ஆகியவை யாவும் நொடிக்குப் பல முறை கணக்கிடப்பட்டு, தனித்தனிப் பெயர்களின் கீழ்ப் பொதுவான ஓர் அடுக்கில் எண்களாகக் காத்திருக்கும். பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் வரைந்த டயலின் முள் தனியொரு பொருளாக இருக்க வேண்டும். அது எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு, எந்த எண்ணைப் பின்பற்றி, எத்தனை பாகை சுழல வேண்டும் என்பதை எக்ஸ்எம்எல் என்னும் குறிமொழியில் எழுதிய ஓர் உரைக்கோப்பு சொல்லும்.

சிமுலேட்டர் தரும் எண்கள் வேகத்துக்கு நாட், உயரத்துக்கு அடி ஆகிய அலகுகளில் இருக்க, சோவியத் டயல்களோ கிலோமீட்டரிலும் மீட்டரிலும் எழுதப்பட்டவை. பெருக்கி மாற்றிவிடலாம்: 270 நாட் என்பது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம். ஆனால் காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைக் காட்டும் உயரமானியில் பெருக்கல் மட்டும் போதாது. சோவியத் விமானிகள் புறப்படும் ஓடுபாதையிலேயே உயரத்தைச் சுழியமாக வைப்பது வழக்கம். சுகோய்-25கள் இயங்கிய ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளம் ஏறத்தாழ 1,490 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே உயரமானியின் அழுத்தத் திருகை, கடல்மட்டத்துக்குரிய 760 மில்லிமீட்டர் பாதரச அளவிலிருந்து ஏறக்குறைய 635 வரை இறக்க வேண்டியிருக்கும். வேறொரு விமானத்திலிருந்து எடுத்து ஒட்டிய உயரமானியின் திருகு, பெரும்பாலும் அவ்வளவு தூரம் இறங்காது.

எல்லாவற்றிலும் சுவையான சிக்கல், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம் என்னும் கருவியில் இருக்கிறது. மேற்கத்திய கருவியில் விமானக் குறி அசையாமல் நிற்க, வானமும் நிலமும் வரைந்த உருளை சாயும். சோவியத் கருவியில் அடிவானக் கோடு கருவிப் பலகைக்கு இணையாகவே இருக்க, விமானம் வலப்புறம் 30 பாகை சாய்ந்தால் குறியும் வலப்புறம் 30 பாகை சாயும்; விமானத்தைப் பின்னாலிருந்து ஒருவர் பார்ப்பது போன்ற காட்சி அது. ஆகவே ஓர் எண்ணின் முன் கழித்தல் குறி இட்டு இதைச் சரிசெய்ய முடியாது. பக்கச் சாய்வைக் காட்டும் எண்ணை உருளையிலிருந்து கழற்றிக் குறியோடு இணைத்து, மூக்கின் ஏற்ற இறக்கத்தை மட்டும் உருளைக்கு விட வேண்டும். இரண்டு அசைவுகளும் ஒன்றுக்குள் ஒன்று சிக்காமல் தனித்தனியே நடப்பதால், எழுதுபவருக்கு இது மேற்கத்திய முறையைவிட எளிதும்கூட.

குறிபார்க்கும் கருவியில் தவறுவது இன்னும் எளிது. அதன் ஒளிக்குறி கண்ணாடியில் தெரிந்தாலும், வில்லைகள் அதை முடிவிலாத் தொலைவில் இருப்பதாகக் காட்டுகின்றன. தலையை நகர்த்தினாலும் குறி இலக்கைவிட்டு விலகாது. கண்ணாடியின் மேலேயே அதை வரைந்துவிட்டால், பார்வை சற்று நகர்ந்தவுடன் குறியும் இலக்கும் பிரிந்துவிடும். எனவே குறியைப் பல நூறு மீட்டர் முன்னால் பெரிதாக வரைந்து, கண்ணாடியின் பரப்புக்குள் விழும் பகுதியை மட்டும் தெரியவிடுகிறார்கள். விமானத்தின் மூக்கிலுள்ள லேசர் தொலைவுமானி தரும் தூரத்தைக் கொண்டு, குண்டு எவ்வளவு தாழ்ந்து விழும் என்று கணக்கிட்டு, குறியை அதற்கேற்பக் கீழிறக்குவது அடுத்த படி.

விமானியறையை மூடும் கண்ணாடி விதானத்தின் மேலுள்ள, பின்புறத்தைக் காட்டும் பெரிஸ்கோப்பைப் பலர் வெறும் பெட்டியாக வரைந்து விட்டுவிடுகிறார்கள். அதில் உண்மைக் காட்சி தெரிய வேண்டுமானால், வெளியுலகம் முழுவதையும் இரண்டாவது கோணத்திலிருந்து மறுபடி வரைய வேண்டியிருப்பதால், காட்சியின் ஓட்டம் கணிசமாகத் தடைபடும்.