எம்டனும் ஓர் எலுமிச்சம்பழமும்

போன மாதம் அக்கா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். பட்டர்வொர்த்தில் படிவம் நான்கு படிக்கிறான். வரலாற்றுப் பாடத்துக்கு ஐந்து நிமிடப் படம் எடுத்துத் தர வேண்டுமாம், அவன் எடுத்துக்கொண்ட கதை எம்டன். வீடியோவுக்குக் கீழே ஒரே வரி: "மாமா, கப்பல் நல்லாத்தான் இருக்கு, தண்ணிதான் பொம்மைத் தண்ணி மாதிரி இருக்கு, ஏன்?"

எம்டனைத் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையைக் குண்டு போட்டுக் கலங்கடித்த ஜெர்மன் கப்பல், "அவன் பெரிய எம்டன்டா" என்று நம் பேச்சிலேயே குடியேறிவிட்டது. அடுத்த மாதமே, அக்டோபர் 28 விடியற்காலையில், அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் வந்து, நங்கூரமிட்டிருந்த ஷெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது என்பதைப் பினாங்கிலேயே பலர் மறந்துவிட்டார்கள். அந்த ரஷ்ய மாலுமிகள் சிலரின் கல்லறை வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இன்றும் இருக்கிறது. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பல்களுக்கு நான்கு இருக்கும் என்பதால் போலியாக நாலாவது ஒன்றை நிறுத்திக்கொண்டு வந்தார்கள். சினிமாக்காரர்கள் செய்கிற வேலையைக் கப்பற்படையே செய்த கதை என்பதால் பையனுக்கு இது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

வீடியோவைப் பார்த்தேன். உழைப்பைக் குறை சொல்ல முடியாது. பாலிஸ்டைரின் பலகை, ஐஸ்கிரீம் குச்சி, தைக்கிற நூல் எல்லாம் சேர்த்து 118 சென்டிமீட்டரில் கப்பல். உண்மை எம்டன் 118 மீட்டர், ஆக சரியாக நூற்றில் ஒரு பங்கு. காற்றடைக்கிற மூன்று மீட்டர் நீச்சல் தொட்டியில் மிதக்கவிட்டுத் தூண்டில் நரம்பால் இழுத்திருக்கிறான். கப்பல் கிளம்புகிறது, பின்னாலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் மிதந்து வருகிறது. நல்ல காரியம் தொடங்குகிறான் என்று அக்கா சுற்றிப் போட்ட பழம். அதை எடுத்து வெளியே போட யாருக்கும் மனம் வரவில்லை. நாலு சென்டிமீட்டர் பழம், நூற்றில் ஒரு பங்கு உலகத்தில் நாலு மீட்டர், அதாவது ஒரு மாடி உயரத்துக்கும் மேலே பெரிய உருண்டை, ஜெர்மன் போர்க்கப்பலைத் துரத்திக்கொண்டு பினாங்குக் கால்வாயில் வருகிறது. கண்ணேறு கழிந்ததோ இல்லையோ, ஷாட் கழிந்தது.

ஆனால் பழத்தை எடுத்துவிட்டாலும் அந்தக் காட்சி பொம்மையாகத்தான் இருக்கும், அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. கப்பலை எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும் கண் முதலில் பார்ப்பது கப்பலை அல்ல, தண்ணீரை. கப்பலைச் சிறிதாகச் செய்யலாம். புவியீர்ப்பைச் சிறிதாக்க முடியாது.

குண்டு விழுந்து தண்ணீர் 50 மீட்டர் உயரத்துக்கு எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து கீழே விழ அதற்கு 3.2 வினாடி ஆகும், பள்ளிக்கூடக் கணக்குத்தான். மாடலில் அதே தண்ணீர் 50 சென்டிமீட்டர் எழும்பினால் போதும், விழுவதற்கு 0.32 வினாடி. உயரம் நூறு மடங்கு குறைந்தது, நேரம் பத்து மடங்குதான் குறைந்தது. நூறின் வர்க்கமூலம் பத்து, மொத்த ரகசியமும் இவ்வளவுதான். பெரிய பொருள் மெதுவாக விழுவது போலத் தெரியும் என்பது நம் கண்ணுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், அதனால் தண்ணீர் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கினால், கணக்கு எதுவும் போடாமலே "இது சின்னத் தண்ணி" என்று மூளை சொல்லிவிடுகிறது.

மருந்தும் அந்த வர்க்கமூலத்திலேயே இருக்கிறது. சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும். பதினாறில் ஒரு பங்கு மாடல் என்றால் நாலு மடங்கு, 96 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்ட வேண்டும். நூற்றில் ஒரு பங்கு என்றால் பத்து மடங்கு, 240 ஃபிரேம். பையன் கையில் இருக்கிற போனில் ஸ்லோமோஷன் 240 ஃபிரேம்தான்! கணக்குப் பார்த்துச் செய்யவில்லை, கையில் கிடைத்த பலகையின் நீளத்துக்குச் செய்தானாம். ஒரே ஒரு எச்சரிக்கை, பல போன்கள் 240-ஐத் தாமாகவே 30-இல் ஓட்டிக் காட்டும். அது எட்டு மடங்குதான், அறுபத்து நாலில் ஒரு பங்கு கப்பலுக்குத்தான் பொருந்தும். எடிட்டிங்கில் உட்கார்ந்து 24-க்கு இறக்க வேண்டும்.

அடுத்து அவன் கேட்டது, "எவ்வளவு வேகமா இழுக்கணும் மாமா?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் எனக்கு இருக்கும் சந்தோஷம் வேறு எதிலும் இல்லை. வேகமும் பத்து மடங்குதான் குறைய வேண்டும். கப்பல் வினாடிக்கு 10 மீட்டர் போவதாகக் காட்ட வேண்டுமானால் மாடலை வினாடிக்கு ஒரு மீட்டர் இழுக்க வேண்டும். ஏன் நூறு மடங்கு குறைக்கக் கூடாது? அலையைக் கேளுங்கள், அதுவே சொல்லும். கப்பல் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் அலைகள் கப்பலின் வேகத்திலேயே ஓடியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்தங்கிப்போகும். ஆழமான நீரில் அலையின் வேகத்தை முடிவு செய்வது அதன் நீளம். வேகம் இரண்டு மடங்கானால் நீளம் நாலு மடங்கு. வினாடிக்கு 10 மீட்டர் ஓடும் அலைக்கு முகட்டுக்கு முகடு 64 மீட்டர், ஒரு மீட்டர் ஓடும் அலைக்கு 64 சென்டிமீட்டர். நூறு மடங்கு! ஆக 118 மீட்டர் எம்டன் உடம்போடு கிட்டத்தட்ட இரண்டு முகடுகள் ஒட்டி நிற்கும், 118 சென்டிமீட்டர் பாலிஸ்டைரின் எம்டனிலும் அதே இரண்டு முகடுகள் அதே இடத்தில் நிற்கும். போட்டோவாக எடுத்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. தொட்டியில் தண்ணீர் இந்த அலையின் பாதி நீளத்துக்காவது, அதாவது 32 சென்டிமீட்டராவது இருந்தால்தான் அது ஆழமான நீர். முழங்கால் ஆழத்துக்கு நிரப்பச் சொன்னேன், அத்தான் தண்ணீர் பில்லை நினைத்து ஒரு பார்வை பார்த்தார்.

இன்னொரு லாபமும் உண்டு. மூன்று மீட்டர் தொட்டியில் கப்பலின் நீளம் போக ஓடுவதற்கு 1.8 மீட்டர்தான் மிச்சம். வினாடிக்கு ஒரு மீட்டர் என்றால் 1.8 வினாடியில் ஓட்டம் முடிந்தது. திரையில் அது 18 வினாடி. சினிமாவில் 18 வினாடி ஷாட் என்பது தாராளம்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் சினிமாக்காரர் இல்லை, வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 3 அடி, 6 அடி, 12 அடி என்று ஒரே வடிவத்தில் படகுகள் செய்து 1867-இல் ஆற்றில் இழுத்துப் பார்த்தார். மேலே சொன்ன வர்க்கமூல வேகத்தில் இழுத்தால் மூன்றும் ஒரே மாதிரி அலையைக் கிளப்பின. சின்னப் படகை வைத்துப் பெரிய கப்பலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்று அன்றைய பெரிய பொறியாளர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். பிரிட்டிஷ் கடற்படை 2,000 பவுண்டு கொடுத்தது, டார்க்கியில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே நீளமான தொட்டி கட்டி, 1872 முதல் மெழுகில் செய்த படகுகளை இழுத்துக்கொண்டிருந்தார். இன்று உலகத்தில் எந்தப் பெரிய கப்பலையும் மாடல் தொட்டியில் இழுத்துப் பார்க்காமல் கட்டுவது அபூர்வம், நம் ஜோகூர் ஸ்கூடாயில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில்கூட 120 மீட்டர் நீளத் தொட்டி இருக்கிறது. வளர்ந்த மனிதர் ஒருவர் மெழுகுப் படகு இழுத்து விளையாட அரசாங்கப் பணமா என்று அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். "இதனால் மூன்று வருடத்தில் என்ன வருமானம்?" என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் வைத்து ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருகிற கோபம் இதனால்தான். சரி, கதைக்கு வருவோம்.

240 ஃபிரேமில் எடுத்த இரண்டாவது வீடியோ வந்தது. அலை பிரமாதம், கப்பலுக்கு எடை வந்துவிட்டது. நெருப்புக்கு மேல்தளத்தில் கற்பூரம் ஏற்றியிருந்தான், கரும்புகையோடு எண்ணெய் எரிவது போலவே இருந்தது. நெருப்பும் இதே சட்டத்துக்குக் கட்டுப்படும். நாலு மீட்டர் அகல நெருப்பு வினாடிக்கு ஏறக்குறைய முக்கால் துடிப்பு என்று நிதானமாகத் துடிக்கும், நாலு சென்டிமீட்டர் நெருப்பு அதைவிடப் பத்து மடங்கு வேகமாகப் படபடக்கும். மறுபடி அதே பத்து. ஆனால் முன்பக்கம் தெறித்த தண்ணீர்? முத்து முத்தாக, கண்ணாடிக் கோலிக்குண்டு மாதிரி பறந்தது. அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

இதற்கு புவியீர்ப்பு காரணமில்லை, பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரின் மேற்பரப்பு தன்னைத்தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் விசை. காற்றில் விழும் தண்ணீர்த் துளி ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதானால் உடைந்துவிடும், அது எந்தக் கப்பலிலிருந்து தெறித்தது என்று துளிக்குத் தெரியாது. உண்மைக் கப்பல் கிளப்பும் நீரில் ஐந்து மில்லிமீட்டர் துளி தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் பனிமூட்டம். மாடலில் அதே துளி அரை மீட்டர் உருண்டை. தண்ணீரின் மேற்பரப்பில் 1.7 சென்டிமீட்டருக்குக் குறைவான அலைகளை நடத்துவதும் புவியீர்ப்பு இல்லை, இந்த இழுவிசைதான், அவை வேறு சட்டப்படி ஓடும். நூற்றில் ஒரு பங்கு உலகத்தில் அது 1.7 மீட்டர் அலை. அதைவிடச் சின்ன அலை எல்லாம் பொய் சொல்லும்.

சோப்பு போட்டால் இழுவிசை குறையுமே என்று அவனே கேட்டான், கெட்டிக்காரன். குறையும், பாதிக்கும் கீழே இறங்கும். ஆனால் துளியின் அளவு இழுவிசையின் வர்க்கமூலத்தில்தான் குறையும், ஆக ஒன்றரை மடங்கு சிறிய துளி கிடைக்கும். நமக்கு வேண்டியது நூறு மடங்கு சிறிய துளி. அதற்கு இழுவிசையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும், அப்படிப்பட்ட திரவம் கடையில் கிடைக்காது. அதனால்தான் போர்ப்படம் எடுத்த பெரிய ஸ்டூடியோக்கள் மாடலையே பெரிதாகச் செய்தன. பதினாறில் ஒரு பங்கு எம்டன் என்றால் ஏழு மீட்டருக்கு மேல் நீளம், மீன்பிடிப் படகு அளவு. அதைத் தொட்டியில் மிதக்கவிட்டு, காற்றுக் குழாயாலும் பெரிய விசிறியாலும் தெறிக்கிற நீரை அடித்துத் தூளாக்குவார்கள். மால்டாவில் 1964-இல் கடலோரமாக ஒரு தொட்டி கட்டினார்கள், ஒரு பக்கம் தண்ணீர் வழிந்து விளிம்பே தெரியாமல் பின்னால் இருக்கும் நிஜக் கடலோடு சேர்ந்துவிடும். வெளிச்சமும் ஒரு காரணம். ஃபிரேம் பத்து மடங்கானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்கு, விளக்கு கட்டி மாளாது, சூரியன்தான் சரி.

தண்ணீரே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு, அதில்தான் நம் ஊர் வருகிறது. 1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அடுத்த வருடமே, ஹவாயிலிருந்து மலாயா வரை நடந்த அந்தச் சண்டைகளை ஜப்பானின் தோஹோ நிறுவனம் பிரசாரப் படமாக எடுத்தது. மாடல் வேலை எய்ஜி சுபுராயா, பின்னாளில் காட்ஸில்லாவுக்குத் தந்திரக் காட்சி அமைத்தவர். உயரத்திலிருந்து விமானத்தில் பார்க்கிற கடலுக்கு அவர் கையாண்ட பொருள் கந்தென். கந்தென் என்றால் வேறொன்றுமில்லை, தீபாவளிக்கு நம் வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றி அடுக்கடுக்காகக் காய்ச்சி வைக்கிற அகார் அகார்தான்! அந்தச் சொல்லையே உலகத்துக்குக் கொடுத்தது மலாய் மொழி. நினைத்துப் பார்த்தால் எவ்வளவு சரியான யோசனை. 64 மீட்டர் அலை ஒன்று கடந்துபோக ஆறு வினாடிக்கு மேல் ஆகும், மேலே இருந்து பார்க்கும் இரண்டு மூன்று வினாடியில் கடல் உறைந்து நிற்பது போலத்தான் தெரியும். அப்புறம் எதற்கு ஓடும் தண்ணீர்? அலையைக் கட்டியாக உறையவைத்து, மேலே மாடல் கப்பலை வைத்தால் ஒரு துளிகூடத் தெறித்துக் காட்டிக்கொடுக்காது.

இதைக் கேட்டதும் அக்கா, "என் தட்டையெல்லாம் எடுக்காதே" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

கடைசியில் அவனுக்குத் துளிப் பிரச்சினையைத் தீர்த்துவைத்தது நானில்லை. போன சனிக்கிழமை படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நாலு மணிக்கு வழக்கம்போல மழை பிடித்தது. முதல் சில துளிகள் தொட்டியில் விழுந்தபோது போன் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு துளியும் விழுந்த இடத்தில் தண்ணீர் மூன்று நாலு சென்டிமீட்டர் எழும்பி அடங்கியது. திரையில் அது மூன்று நாலு மீட்டர், எம்டனைச் சுற்றிச் சின்னப் பீரங்கிக் குண்டுகள் விழுவது போல. போனைத் தொட்டியோரத்தில் தாழ வைத்து, தூரத்திலிருந்து எடுத்திருந்ததால் உருண்டைகள் கண்ணில் படவில்லை. பக்கத்தில் போனால் குட்டு உடையும், போகவில்லை.

ஒரே குறை, மழையில் நனைந்து நாலாவது புகைபோக்கி கொஞ்சம் சாய்ந்து ஆடுகிறது. அதை மட்டும் அட்டையில் சுருட்டி ஒட்டியிருந்தான். திரும்ப எடுக்கட்டுமா என்று கேட்டான். எம்டனில் இருந்த நாலாவதும் படுதாவில் செய்ததுதான், காற்றில் ஆடியிருக்கும், இருக்கட்டும் என்றேன்.

"டீச்சர் கேட்டா?"

"படுதா என்று சொல்."