இறங்கிக்கொண்டே போகும் வயல்

இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகருக்குப் பக்கம் ஹோம் ஃபென் என்று ஓர் இடம். பிர்ச் மரங்களுக்கு நடுவே அங்கே ஓர் இரும்புத் தூண் நிற்கிறது, இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். நட்டபோது அதன் தலைகூட வெளியே தெரியவில்லை. 1851-ஐ ஒட்டி, பக்கத்திலிருந்த விட்டில்சி ஏரியை வடித்து விளைநிலம் ஆக்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் இந்தத் தூணைக் கறுப்பு மண்ணுக்குள் செலுத்தி, அடியிலுள்ள களிமண்ணில் ஊன்றி, தலை தரையோடு தரையாக இருக்கும்படி விட்டார்கள். தூண் அசையவில்லை. தரைதான் ஏறக்குறைய 4 மீட்டர் கீழே போய்விட்டது. இன்று அந்த இடம் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 2.75 மீட்டரில் இருக்கிறது.

அவ்வளவு மண்ணும் எங்கே போனது? ஒரு பங்கு அமுங்கிப்போனது. மற்றொரு பங்கு காற்றோடு கலந்துவிட்டது. இந்த இரண்டாவது பங்கைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் கறுப்பு மண்ணுக்குப் பீட் என்று பெயர். மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் வாங்கும் 'கோகோ பீட்' இந்தப் பெயரைக் கடன் வாங்கியதுதான். ஆனால் அது வெறும் தென்னை நார்க்கழிவு. உண்மையான பீட், சதுப்பில் விழுந்து மட்காமல் கிடக்கும் தாவரங்களின் குவியல். கிணற்றில் எப்போதும் தண்ணீருக்கு அடியிலேயே கிடக்கும் கட்டை லேசில் இற்றுப்போகாது. தண்ணீர் ஏறி இறங்கும் இடத்தில் இருக்கும் கட்டைதான் சீக்கிரம் இற்றுவிடும். காரணம் ஆக்சிஜன். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு மூச்சு முட்டுகிறது, வேலை நின்றுபோகிறது. அதனால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் பீட் சேர்ந்துகொண்டே வருகிறது. ஒரு மீட்டர் பீட் என்றால் ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு.

இப்படிக் காத்து வைப்பதில் தண்ணீருக்கு எவ்வளவு திறமை என்பதற்கு ஒரே ஒரு மரம் போதும். 2012-இல் ஃபென் எனப்படும் அந்தச் சதுப்பு வட்டாரத்து வயல் ஒன்றில் 13 மீட்டர் நீள ஓக் மரத் தண்டு ஒன்று கிடைத்தது. நிறம் கறுத்திருந்தது, ஆனால் அறுத்துப் பலகை எடுக்கும் அளவுக்கு உறுதியாக இருந்தது. வயது சுமார் 5,000 ஆண்டு. இப்படிப்பட்ட மரங்கள் அங்கே உழவர்களின் கலப்பையில் அடிக்கடி மாட்டுகின்றன. மரம் மேலே வருவதில்லை, கலப்பைதான் ஆண்டுதோறும் இன்னும் பழைய மண்ணை எட்டுகிறது.

சரி, வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால் என்ன ஆகும்? முதலில், தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த மண் தன் எடையாலேயே அமுங்கும், காய்ந்து சுருங்கும். ஹோம் தூண் அருகே முதல் பத்து ஆண்டுக்குள்ளேயே தரை சுமார் ஒன்றரை மீட்டர் இறங்கியது. அதில் பெரும்பகுதி இந்த அமுங்கல்தான். கார்பன் இன்னும் மண்ணிலேயே இருக்கிறது. ஆகவே தூணின் 4 மீட்டரையும் அப்படியே கரியமில வாயுக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

அப்புறம் தொடங்குவதுதான் நீண்ட கதை. காற்று உள்ளே புகுந்ததும், ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூச்சடைத்துக் கிடந்த இடத்தில் நுண்ணுயிர்கள் மும்முரமாகின்றன. சேமித்த கார்பன் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. குளிர் நாடுகளில் உழுத பீட் நிலம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் குறைவது வழக்கம். ஒரே ஒரு சென்டிமீட்டர் ஆக்சிஜனேற்றத்தால் போனது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேரில் அது 100 கன மீட்டர் மண். உழுது இறுகிய பீட், கன மீட்டருக்குச் சுமார் 200 கிலோ உலர் எடை. ஆக 20 டன். அதில் 40 சதவீதம் கார்பன் என்றால் 8 டன். கரியமில வாயுவாக்கிப் பார்த்தால் 29 டன். குளிர் நாட்டுப் பீட் வயல்களுக்கு ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி தரும் சராசரியும் கிட்டத்தட்ட இதே அளவுதான், ஆண்டுக்கு 7.9 டன் கார்பன். ஏக்கர் கணக்கில் சொன்னால் 12 டன் கரியமில வாயு. ஓர் இந்தியரின் ஆண்டுச் சராசரி சுமார் 2 டன் என்பதால், ஒரே ஏக்கர் ஆறு பேரின் கணக்கைத் தனியே வெளியிடுகிறது.

கரியமில வாயுவோடு நிற்பதில்லை. தாவரம் மட்கும்போது அதிலிருக்கும் நைட்ரஜனும் விடுபடுகிறது. பயிருக்கு அது இலவச உரம்; பீட் நிலத்தை உழவர்கள் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மண்ணின் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பங்கை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றி வெளியே விடுகின்றன. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கிலோவுக்குக் கிலோ கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பம் ஏற்றும் வாயு அது.

இந்த உமிழ்வு காலப்போக்கில் தானாகவே அடங்கிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி நடப்பதில்லை, அதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. மண் இறங்க இறங்க, வயலின் மேற்பரப்பு வாய்க்காலின் நீர்மட்டத்தை நெருங்குகிறது. வேர் நனைந்து பயிர் வாடுகிறது. உழவர் என்ன செய்வார்? வாய்க்காலை ஆழப்படுத்துவார், பம்பைக் கூடுதல் நேரம் ஓட்டுவார். அதுவரை நனைந்து பத்திரமாக இருந்த அடுத்த அடுக்குக்கும் காற்று எட்டிவிடும். அடியிலுள்ள களிமண் தட்டும்வரை இதே சுற்றுதான். கடைசியில் பீட் மெலிந்து களியோடு கலந்த பிறகாவது ஓயுமா என்றால், கார்பன் குறைந்த அத்தகைய நிலங்களிலும் உமிழ்வு எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை என்று ஜெர்மனியில் அளந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

வெப்ப நாடுகளில் எல்லாமே வேகம். சுமத்ராவில் மரத்தோட்டத்துக்காக வடித்த பீட் நிலம் முதல் ஐந்தே ஆண்டில் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கி, அதன்பின் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் வீதம் குறைந்தது. நம் வீட்டுப் பாமாயிலில் ஒரு பங்கு இப்படி வடித்த மண்ணில் விளைவதுதான். உலக நிலப்பரப்பில் பீட் வெறும் 3 சதவீதம், ஆனால் காடுகளின் மரம் செடி அனைத்திலும் உள்ளதைவிட அதிகக் கார்பன் அதற்குள் இருக்கிறது. வடித்தது அதில் ஒரு சிறு பங்கே. அந்தச் சிறு பங்கிலிருந்து மட்டும் மனிதர் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களில் ஏறத்தாழ 4 சதவீதம் வருகிறது.

இந்த உமிழ்வைத் தடுக்கும் வழி நீர்மட்டத்தில் இருக்கிறது. 2021-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆழத்தில் கிடக்கும் நீர்மட்டத்தை ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் உயர்த்தும்போதும் ஹெக்டேருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 3 டன் கரியமில வாயுவுக்கு நிகரான உமிழ்வு குறையும். மேற்பரப்புக்கு 30 சென்டிமீட்டர் கீழே வரும்வரை இந்தக் கணக்கு பொருந்தும். அதற்கும் மேலே முழுக்க நனைத்தால் மீத்தேன் கிளம்பும், உண்மைதான். ஆனால் மீத்தேன் காற்றில் பத்துப் பன்னிரண்டு ஆண்டில் சிதைந்துவிடும். கரியமில வாயுவோ நூற்றாண்டுக் கணக்கில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். மீத்தேனைக் காட்டி நிலத்தைக் காயவே விடுவது தவறான கணக்கு என்பது என் கருத்து.

உழவரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனமில்லை. இங்கிலாந்தின் உருளைக்கிழங்கும் செலரியும் கீரையும் இந்த மண்ணில் நன்றாக விளைகின்றன. நிலத்தை நனைத்துவிட்டு அவர் எதை விற்பார்? ஹோம் தூணிலிருந்து சிறிது தூரத்தில், வடித்த வயல்கள் சிலவற்றில் மறுபடி தண்ணீரை ஏற்றி, 2019 முதல் சம்பங்கோரையும் நாணலும் ஸ்பாக்னம் பாசியும் பயிரிட்டுப் பார்க்கிறார்கள். சம்பங்கோரையை வெப்பம் தடுக்கும் பலகையாக்கலாம், கூரை வேய நாணல், செடித்தொட்டிக்குப் பாசி. அந்த வயல்களில் தண்ணீர் வேர் மட்டத்திலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள்.