கடலோர வீட்டுக்கு எவர்சில்வர் சிங்க்: காந்தச் சோதனையை நம்பி வாங்காதீர்கள்

தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், புதுச்சேரிப் பக்கம் வைத்திக்குப்பம், வீராம்பட்டினம் என்று கடலை ஒட்டிய வீடுகளில் புது சிங்க் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விடுவதை அடிக்கடி பார்க்கிறோம். "போர் தண்ணி உப்புங்க, அதான்" என்பார்கள். தண்ணீருக்கும் உப்புக்காற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் அதே தண்ணீர் புழங்கும் பக்கத்து வீட்டு சிங்க் பளிச்சென்று இருக்கிறதே, ஏன்? தகடு வேறு.

எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது, அதிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் உண்டாக்கும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசி குத்தினாற்போலத் துளைக்கும். துளைத்த இடத்தில் துரு தொடங்கும். 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருப்பதால் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். விலை குறைந்த 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். கடையில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும். நம் ஊர்க் காற்றுக்கு 304-க்குக் கீழே இறங்க வேண்டாம். மாலிப்டினம் சேர்ந்த 316 இன்னும் உறுதியானது. ஆனால் கடைகளில் எளிதாகக் கிடைக்காது. துடைத்து வைக்கும் பழக்கம் இருந்தால் வீட்டுக்கு 304 போதும்.

கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டலை பாருங்க, அசல் 304" என்று சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. அழுத்தி வளைத்த மூலைகளில் அசல் 304-லேயே இலேசாக ஒட்டுவதும் உண்டு. காந்தத்தால் 430 போன்ற மலிவு ரகத்தைப் பிரித்தறியலாம், அவ்வளவுதான். மாங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் கிடைக்கிறது. சிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, அதோடு வரும் பேட்டரியை வைத்தால், 202 என்றால் சொட்டு சிவப்பாக மாறும். அதற்கு வழியில்லை என்றால் பில்லில் "எஸ்.எஸ். 304" என்றும் தகட்டின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காமல் இருப்பதே மேல்.

தகட்டின் கனத்தைக் கடையில் கேஜ் எண்ணாலும் சொல்வார்கள்; அந்த எண் கூடக் கூடத் தகடு மெலியும். 18 கேஜ் என்பது ஏறக்குறைய 1.2 மி.மீ., 20 கேஜ் ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மெல்லிய தகட்டில் குக்கரை வைத்தாலே டமடமவென்று அதிரும். அடியில் ரப்பர் திண்டு ஒட்டியிருக்கிறதா என்று கவிழ்த்துப் பாருங்கள். உள்மூலைகள் கத்தி போல் செங்குத்தாக இருந்தால் மீன் செதிலும் சோற்றுப் பருக்கையும் அங்கேயே தங்கும். விரல் வழுக்கிப் போகும்படி சற்று வளைந்திருப்பதே நல்லது.

அட்டையில் போட்டிருக்கும் 24க்கு 18 என்பது பெரும்பாலும் வெளியளவு. உள்ளே ஓரிரண்டு அங்குலம் குறையும். வீட்டிலுள்ள பெரிய இட்லிப் பானையையும் கைப்பிடியோடு குக்கரையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஆழம் 8 அல்லது 9 அங்குலம் போதும். பத்தைத் தாண்டினால், உயரம் குறைந்தவர்கள் தினமும் குனிந்தே தேய்க்க வேண்டிவரும். இடுப்பு வலி அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

கிரானைட் வெட்டுவதற்கு முன்பே சிங்க் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். 24 அங்குல அகல மேடையில் 18 அங்குல சிங்க் வைத்தால் முன்னும் பின்னும் சேர்த்து 6 அங்குலம் மிஞ்சும். பின்னால் குழாய்க்கு 3 தேவை. 20 அங்குல சிங்க் வாங்கினால் முன்பக்கம் மெல்லிய பட்டையாகி, தூக்கும்போதே கல் முறியும். கல்லுக்கு அடியில் பொருத்தும் சிங்க் என்றால் சிலிகான் பசையை மட்டும் நம்பக் கூடாது. 24க்கு 18 சிங்கில் விளிம்பு வரை தண்ணீர் நின்றால் 50 கிலோவை நெருங்கும். கீழே ஆங்கிள் அல்லது பிராக்கெட் கட்டாயம். ஒட்டிய பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் விடுங்கள்.

கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் போகிற வீடுகளில் உயரத்தைக் கணக்குப் பார்க்காமல் விட்டால் பிறகு சுவரை உடைக்க நேரிடும். 33 அங்குல மேடையில் 9 அங்குல ஆழம் போனால் அடிமட்டம் 24-ல் நிற்கும். சிங்க் ஓட்டையில் பொருத்தும் கப்ளிங்கும், நாற்றம் மேலேறாமல் தடுக்கும் பாட்டில் டிராப்பும் இன்னும் 6 முதல் 8 அங்குலம் பிடிக்கும். சுவர்த் துளை 18 அங்குலத்தில் இருந்தால் தண்ணீர் எப்படி ஏறும்? தரையிலிருந்து 12 முதல் 14-க்குள் துளை இருக்கட்டும். மடிப்பு மடிப்பாக உள்ள நெளிகுழாயில் எண்ணெய்ப் பிசுக்கும் மீன் கழிவும் படிந்து நாறும், வழவழப்பான பி.வி.சி. குழாயே போடுங்கள். வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி, ஒரேயடியாகத் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பார்த்த பிறகு பிளம்பரை அனுப்புங்கள்.

நல்ல 304 சிங்கையே பாழாக்கும் ஒரு விஷயம் இருக்கிறது: டைல்ஸ் கறையை எடுக்கக் கொத்தனார் ஊற்றும் ஆசிட். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். தெறித்தால் மட்டுமல்ல, மூடிய அறையில் அதன் புகை பட்டாலே புது சிங்க் புள்ளி விடும். ஆசிட் கழுவல் எல்லாம் முடிந்து, வீட்டை நன்றாக அலசிய பிறகே சிங்கைப் பொருத்துங்கள். அதே காரணத்தால் பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சிங்குக்குக் கீழுள்ள அலமாரியில் வைக்காதீர்கள். அடிப்பக்கம் அரிப்பது வெளியே தெரியாது.

இரும்பு தோசைக்கல்லை ஈரத்தோடு இரவு முழுக்க உள்ளே விடுவதும், இரும்பு நாரால் தேய்ப்பதும் துருக்கறை தரும். நாரிலிருந்து உதிரும் துணுக்குதான் அங்கே துருப்பிடிக்கிறது. சிங்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். உடனே கவனித்தால் சமையல் சோடாவைக் குழைத்து மெல்லிய துணியால் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும். போர் தண்ணீரின் வெள்ளைப் படிவுக்கு, வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். ராத்திரிப் பாத்திரம் முடிந்ததும் ஒரு துணியால் துடைத்து உலரவிட்டால் உப்பு படிவதற்கே இடமிருக்காது.