தேடல் பெட்டிக்குப் பின்னால் ஒரு பேரேடு

காரைக்குடியில் நாங்கள் சிலபேர் சேர்ந்து, சிறு கடைகளுக்கான ஒரு திறமூல (நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய) கணக்கு மென்பொருளுக்குத் தமிழில் கையேடு எழுதி வருகிறோம். கண்டாங்கிச் சேலைக் கடை, ஆத்தங்குடிக் கல் பட்டறை, பலகாரக் கடை என்று அதைப் பயன்படுத்துகிறவர்கள் பலவிதம். யாரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. கல்லா முன்னால் ஆள் நிற்கும்போது போனில் ‘ரசீது’ என்று தட்டுவார்கள், உடனே வரவில்லையென்றால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அதனால்தான் தேடல் வைத்தோம்.

திறமூலக் கையேடுகள் பெரும்பாலும் நிலையான எச்டிஎம்எல் பக்கங்கள். டாகுசாரஸ், ஸ்பிங்ஸ் மாதிரியான கருவிகள் நாம் எழுதிய கோப்புகளைப் பக்கங்களாக்கி வைத்துவிடும், அவ்வளவுதான். தேடிக் கொடுக்க அங்கே சர்வரும் கிடையாது, டேட்டாபேஸும் கிடையாது. ஒரு வழி, எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று காட்டும் மொத்த இன்டெக்ஸையும் வாசகரின் பிரவுசருக்கே அனுப்பி அங்கேயே தேடச் சொல்வது. ஸ்பிங்ஸோடு வரும் தேடல் இப்படித்தான் இயங்குகிறது, சின்னக் கையேட்டுக்கு அது தாராளம். கையேடு பெருத்தால் இன்டெக்ஸும் பெருக்கும், சிக்னல் குறைந்த இடத்தில் அது இறங்கி முடிப்பதற்குள் கடைக்கு வந்தவர் போயிருப்பார். அடுத்த வழி, தேடலை வேறொருவர் சர்வரில் விடுவது. 2012இல் பிரான்சில் தொடங்கிய அல்கோலியா நிறுவனம், டாக்சர்ச் என்ற பெயரில் இதைத் திறமூலக் கையேடுகளுக்கு 2015 முதல் இலவசமாகத் தருகிறது. டைப்சென்ஸ், மெய்லிசர்ச் என்ற தேடல் மென்பொருள்கள் இரண்டும் திறமூலம் என்பதால் சொந்த சர்வரிலும் ஓட்டலாம், பணம் கட்டி அவற்றைச் செய்தவர்களிடமும் விடலாம்.

இந்தத் தேடலைச் சேர்ப்பதற்கு நம் பக்கத்தில் சில வரி நிரல்தான்: செயலியின் அடையாளம், இன்டெக்ஸின் பெயர், ஒரு சாவி. இந்தச் சாவி தேட மட்டும் உதவுவது, பக்கத்தின் மூலநிரலைத் திறக்கும் யாருக்கும் தெரியும், தெரிந்தாலும் பாதகமில்லை. இன்டெக்ஸை மாற்றவும் அழிக்கவும் வல்ல நிர்வாகச் சாவி தனி. கையேட்டின் கோப்புகளை எல்லோரும் பார்க்க வைத்திருக்கும் கிட் களஞ்சியத்துக்குள் அது ஒருபோதும் போகக் கூடாது.

மறுமுனையில் கிராலர் என்ற நிரல் நம் தளத்துக்கு வந்து, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப்பைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போகும். அது பக்கத்தை முழுசாக எடுத்துக்கொள்வதில்லை. பெரிய தலைப்பு, அதற்குள் சிறு தலைப்பு, அதன் கீழுள்ள பத்தி என்று துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனிப் பதிவாக வைக்கும், தான் எந்தத் தலைப்புகளின் கீழ் வந்தோம் என்ற விவரம் அந்தப் பதிவோடேயே இருக்கும். விடையைத் தொட்டால் பக்கத்தின் உச்சியில் விடாமல் நேராக அந்தப் பத்திக்கே கொண்டுபோவது இதனால்தான். தலைப்பில் கிடைத்த சொல்லுக்கு மதிப்பு அதிகம், பத்திக்குள் கிடைத்ததற்குக் குறைவு. ஆக ‘அறிமுகம்’, ‘மேலும் சில குறிப்புகள்’ என்றெல்லாம் தலைப்பு வைத்தால் எவ்வளவு நல்ல தேடல் சேவையும் தடுமாறத்தான் செய்யும்.

பதிவுகள் தயாரானதும் இன்டெக்ஸ். செட்டிநாட்டு வட்டிக்கடைகளில் அன்றாட வரவுசெலவைத் தேதிவாரியாகக் குறிப்பில் எழுதுவார்கள், அப்புறம் அதையே ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ஒருவர் கணக்கைக் கேட்டால் குறிப்பு முழுவதையும் புரட்ட வேண்டாம், பேரேட்டில் அவர் பக்கத்தைத் திறந்தால் போதும். இன்டெக்ஸில் ஆளுக்குப் பதில் சொல். ‘ரசீது’ என்ற சொல்லின் கீழ் அது வரும் பதிவுகளின் எண்கள், ‘அச்சு’ என்பதன் கீழ் அதன் எண்கள். இரண்டையும் சேர்த்துத் தேடினால் இரண்டு பட்டியலிலும் பொதுவான எண்களை எடுக்கிறது. ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் விடை மாறிக்கொண்டே வருவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம்.

தமிழில் சிக்கல் இதற்கப்புறம்தான். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த இயந்திரங்கள் நம் எழுத்தை யூனிகோடு குறியீடுகளாக, அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எண்களாக, எண்ணுகின்றன. ‘ரசீது’ நமக்கு மூன்று எழுத்து, குறியீட்டில் ஐந்து: ர, ச, ஈகாரக் குறி, த, உகரக் குறி. ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை குறியீட்டைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவதுதான் 1965இல் விளாடிமிர் லெவன்ஷ்டைன் சொன்ன தூரக் கணக்கு, பிழைபொறுக்கும் தேடல் இதை வைத்தே நடக்கிறது. அல்கோலியாவின் இயல்பான அமைப்பில் நான்கு குறியீட்டுச் சொல்லிலிருந்து ஒரு பிழை, எட்டிலிருந்து இரண்டு பிழை பொறுக்கும். ‘ரசீதை’ என்பதற்கும் ‘ரசீது’ என்பதற்கும் ஒரே குறியீடுதான் வித்தியாசம், ஆகவே வேற்றுமை உருபைப் பற்றி ஒன்றும் தெரியாத இயந்திரம் அதை எழுத்துப்பிழை என்று நினைத்துச் சரியாகப் பொருத்திவிடுகிறது!

எல்லா உருபுக்கும் இது நடக்காது. தொடக்கம் பொருந்தினாலே ஏற்கும் வழக்கம் இருப்பதால், ‘ரசீது’ என்று தேடினால் ‘ரசீதுக்கு’ உள்ள பத்தி கிடைக்கும். ‘ரசீதுக்கு’ என்று தேடினாலோ, வெறும் ‘ரசீது’ உள்ள பத்தி கிடைக்காது, நான்கு குறியீடு கூடிவிட்டது. உருபைக் கழித்து வேரைக் காட்டும் நிரல்கள் தமிழுக்கும் இருக்கின்றன, ஆனால் நாம் தேர்ந்த சேவை அதைச் செய்கிறதா என்று சோதித்துப் பார்த்தே நம்ப வேண்டும். நாங்கள் தலைப்புகளில் முடிந்தவரை உருபு ஒட்டாத பெயரை முன்னால் வைக்கிறோம்: ‘ரசீது: அச்சிடுதல்’.

இன்னொன்றும் உண்டு. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என இரண்டாகவும் எழுதலாம், திரையில் ஒன்றாகவே தெரியும், இயந்திரத்துக்கோ அவை வேறுவேறு. கோப்புகளை ஏற்றுவதற்கு முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் பாதிச் சிக்கல் தீரும். தேடுகிறவர் தட்டும் சொல்லுக்கும் அதையே செய்ய வேண்டும்.

இந்தச் சேவைகளில் நான் மிகவும் மதிப்பது, விடையே கிடைக்காத தேடல்களின் பட்டியல். கையேட்டில் நாங்கள் ‘நிலுவை’ என்று எழுதியிருந்தோம், கடைக்காரர்கள் ‘பாக்கி’ என்று தேடினார்கள். ‘பற்றுச்சீட்டு’ என்று ஒருவரும் தேடவில்லை, ‘பில்’ என்றுதான் தேடினார்கள். இவற்றை இணைச்சொற்களாகச் சேர்த்தால் உடனே பலன் தெரியும். தலைப்பையே மாற்றினால், கிராலர் அடுத்த முறை வந்து போகும்வரை காத்திருக்க வேண்டும், டாக்சர்ச்சில் அது வழக்கமாக வாரம் ஒருமுறை. இப்போது பட்டியலில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ்ச் சொற்கள். ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள், அதனால் அந்த வடிவங்களையும் ஒவ்வொன்றாக இணைச்சொல் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.