சலவைச் சோடாவும் பூந்திக்கொட்டையும் ஒன்றல்ல

கோவை புறநகரில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். சில வாரங்களுக்கு முன் ஓர் அம்மா வந்திருந்தார். உள்ளங்கை வெடித்து, விரல் இடுக்கெல்லாம் சிவந்து, தொட்டாலே எரிச்சல். வழக்கம்போல் எந்தச் சோப்புத்தூள் என்று கேட்டேன். "கடைப் பவுடரைத் தொட்டே ஆறு மாசமாச்சுங்க டாக்டர். எல்லாம் வீட்லயே இயற்கையாச் செஞ்சதுங்க" என்றார். என்னென்ன சேர்த்தீர்கள் என்று கேட்டதும் சொன்னார்: துருவிய பார் சோப்பு, சலவைச் சோடா, வெங்காரம் (போராக்ஸ்). கையுறை இல்லாமல் தினமும் அதில்தான் துணி கசக்கியிருக்கிறார்.

பிள்ளைகளுக்கு ரசாயனம் படக்கூடாது என்றுதான் அவர் இவ்வளவு பாடுபட்டார். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் சலவைச் சோடா என்பது சோடியம் கார்பனேட். அமிலம், காரம் இவற்றை அளக்கும் பி.எச். அளவில் 7 நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே அமிலம். சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்தால் அது 11 வரை போகும். நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. துணியின் எண்ணெய் அழுக்கை எடுக்கும் அதே காரம், கையின் எண்ணெய்ப் பசையையும் உருவிவிடும். பெயரில் சோடா இருப்பதால் பலர் இதையும் ஆப்ப சோடாவையும் ஒன்றென நினைக்கிறார்கள். ஆப்ப சோடாவின் பி.எச். 8-ஐச் சற்றே தாண்டி நின்றுவிடும். இரண்டும் வேறு வேறு. வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பதாலேயே சாதுவான பொருள் ஆகிவிடாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் சோப்பு நன்றாக நுரைக்கும். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சோப்பு அதோடு சேர்ந்து கரையாத பிசுக்காகித் துணியிலேயே படிந்துவிடும். துண்டு மொரமொரவென்று ஆவதற்கு இதுவும் ஒரு காரணம். குழந்தைகளுக்குக் கழுத்திலும் இடுப்பிலும் அரிப்பு வந்தால், துணி சரியாக அலசப்பட்டிருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து பொங்கவிடுவதால் பயன் இல்லை. ஒன்றை ஒன்று முறித்து, உப்புக் கரைசல்தான் மிஞ்சும்.

வீட்டிலேயே செய்யத்தான் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது பூந்திக்கொட்டை. நம் பாட்டிமார் பட்டுப்புடவையையும் நகையையும் கழுவியது இதில்தான். அதன் தோலில் உள்ள சபோனின் என்ற இயற்கைப் பொருள் நுரைத்து அழுக்கை எடுக்கும். உப்புத் தண்ணீரிலும் சோப்பைப்போல் பிசுக்காகாது. கறுப்பு விதையை நீக்கிவிட்டு, 100 கிராம் தோலை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் சிறு தீயில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் நன்றாகப் பிசைந்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சக்கை தங்கினால் மெஷின் அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை துவைக்க அரை டம்ளர் போதும். நுரை குறைவாகத்தான் வரும், அதற்காக இன்னும் ஊற்ற வேண்டியதில்லை.

இதில் கெடாமல் காக்கும் பொருள் எதுவும் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். மீன் தொட்டியிலோ குளத்திலோ மட்டும் கொட்டாதீர்கள், சபோனின் மீன்களைக் கொல்லும். பொடியாக அரைத்தால் மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள், தும்மலும் எரிச்சலும் கடுமையாக இருக்கும். எண்ணெய்க் கறைக்கும் பள்ளிச் சீருடையின் வெள்ளைச் சட்டைக்கும் இது முழுதாகப் போதாது. அவற்றுக்குக் கடைத் தூளைக் குறைவாகப் போட்டு, இரண்டு முறை அலசுவதில் தவறே இல்லை.

கடைசியாக ஒன்று, என்னை மிகவும் பயமுறுத்துவது. தயவுசெய்து எந்தச் சலவைத் திரவத்தையும் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். அதிலும் காஸ்டிக் சோடா வாங்கிச் சோப்புக் காய்ச்சுபவர்கள் அதைப் பூட்டிய அலமாரியில்தான் வைக்க வேண்டும். குழந்தை ஒரு வாய் குடித்தாலே உணவுக்குழாய் வெந்துவிடும். அப்படி நடந்தால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எலுமிச்சைச் சாறு கொடுக்காதீர்கள். வாயைத் துடைத்துவிட்டு, அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். கண்ணில் தெறித்தால், இமையை விரித்துப் பிடித்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிய பிறகே வண்டி ஏறுங்கள்.